வீட்டு விருந்துப் பலகாரம்: தண்ணீரால் வரும் தவறுகள்

மதுரைப் பக்கத்து வீடுகளில் நிச்சயதார்த்தமோ வளைகாப்போ நடந்தால், வந்தவர்கள் பாயில் உட்கார்ந்த கையோடு ஓர் இனிப்பும் ஒரு காரமும் தட்டில் வந்துவிட வேண்டும். கடையில் வாங்கிவிடலாம் என்று யாராவது ஒருவர் சொல்வார்; வீட்டுப் பெரியவர்கள் ஒப்ப மாட்டார்கள். அப்படி முப்பது பேருக்குப் பலகாரம் போட இறங்குகிறவர்கள் சறுக்கும் இடங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்ததில், எண்ணெய்ச் சட்டியில் வெளிப்படும் தவறுகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே, தண்ணீர் பட்ட இடத்தில் நேர்ந்துவிட்டவை என்பது எனக்கு உறுதியாகியிருக்கிறது.

கோலா உருண்டையில் நான் செய்த தவற்றையே முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் கொத்தி வாங்கிய ஆட்டுக்கறியை, சுத்தமாக இருக்கட்டும் என்று வீட்டில் இரண்டு முறை அலசினேன். கொத்திய கறி பஞ்சைப்போல நீரைப் பிடித்துக்கொள்ளும் என்பது அன்று எனக்குத் தெரியாது. முதல் ஈட்டில் போட்ட ஆறு உருண்டைகளில் நான்கு நுரைத்துப் பிரிந்து, எண்ணெய் முழுவதும் மசாலாத் துணுக்குகளாகக் கருகின. அத்தை வந்து மாவை ஒரு பிடி எடுத்துப் பிழிந்தார். விரலிடுக்கில் நீர் கசிந்தது. “கறியை அரைக்கச் சொன்னேனா, ஊற வைக்கச் சொன்னேனா?” என்றார்.

எலும்பில்லாத கறியைத் துண்டாக இருக்கும்போதே கழுவி, நீர் வடிந்த பிறகே கொத்த வேண்டும். அதை இஞ்சி, பூண்டு, சோம்புடன் ஈரம் சுண்டும்வரை வதக்கி, முழுவதும் ஆறவிட்டு, தேங்காயுடன் தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும். பிறகு பொட்டுக்கடலை மாவைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து, உருட்டினால் பிளவில்லாமல் நிற்கும் பதத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஈரத்தை மறைக்க மாவை அள்ளிக் கொட்டினால் உருண்டை உடையாது என்பது உண்மைதான். ஆனால் அது கறியுருண்டையாக இராமல் மாவுருண்டையாகிவிடும். எதுவானாலும் ஒன்றை மட்டும் முதலில் போட்டுப் பார்த்த பிறகே மற்றவற்றை உருட்ட வேண்டும்.

உளுந்த வடையில் தவறு ஊறவைப்பதிலேயே தொடங்கிவிடுகிறது. காலையில் வேலை மிச்சம் என்று இரவே ஊறப்போடும் உளுந்து நீரை மிகுதியாகக் குடித்துவிடுவதால், மாவு தளர்ந்து, வடை எண்ணெயை இழுக்கும். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் போதும். அரைக்கும்போது தண்ணீரை ஊற்றக் கூடாது. குளிர்ந்த நீரைத் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். கிண்ணத்து நீரில் ஒரு துளி மாவை விட்டால் அது மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் சிறிது நேரம் ஆட்டலாம், அல்லது கையால் அடித்துக் காற்றேற்றலாம். உப்பையும் நறுக்கிய வெங்காயத்தையும் மொத்த மாவிலும் முன்கூட்டியே கலந்து வைத்தால், உப்புப் பட்ட வெங்காயம் நீர் விட்டு, கடைசி ஈடு வரும்போது மாவு இட்லி மாவாகியிருக்கும். ஆகையால் ஓர் ஈட்டுக்கு வேண்டிய மாவைத் தனியே எடுத்துக் கலப்பதே நல்லது. ஆமவடைக்கும் இதுவே பொருந்தும். பருப்பை ஒட்ட வடித்துவிட்டுக் கொரகொரப்பாக அரைத்தால் போதும்.

மதுரையில் மாலை வேளைகளில் சூடாக விற்கும் முள்ளு முருங்கை வடையை வீட்டில் முயல்கிறவர்கள், கீரையிலேயே நீர் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். நரம்பு நீக்கிய இலையை ஊறிய பச்சரிசியுடன் ஏறக்குறைய தண்ணீரே இல்லாமல் அரைத்தால்தான், வாழையிலையில் மெல்லியதாகத் தட்டிப் போடும்போது பூரிபோல எழும்பும்.

பொரிக்கும்போது கொதிப்பாகத் தெரிவது, மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுவதே. அந்தச் சலசலப்பு அடங்குவதுதான் எடுக்க வேண்டிய அடையாளம். நிறத்தை மட்டும் நம்பினால் உள்ளே வேகாது. எண்ணெய் 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அவசரத்தில் சட்டி நிறையப் போட்டால் சூடு சட்டென்று இறங்கிப் பலகாரம் எண்ணெயில் ஊறத் தொடங்கும். வெளியே எடுத்து ஆறும் நேரத்திலும் மேலே ஒட்டிய எண்ணெய் உள்ளே இழுக்கப்படும் என்பதால், உடனே வடித்தட்டில் பரப்பி வைக்க வேண்டும். மொறுமொறுப்பாக எடுத்த வடையைச் சூடு போகக் கூடாதென்று ஹாட்பாக்ஸில் மூடி வைப்பது, இவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய நீரைத் திரும்ப அதன் மேலேயே சொட்டவிடுவதாகும். இந்தத் தவற்றை மட்டும் யார் சொன்னாலும் யாரும் விடுவதில்லை.

சமையல் புத்தகத்தைப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-இல் வெளிவந்தது. நாட்டில் மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956-இல்தான் வந்தது. அக்காலச் சமையல் குறிப்புகளில் வரும் ஆழாக்கு ஏறக்குறைய 200 மில்லி. பலம் ஏறக்குறைய 35 கிராம். அரிசியை ஆழாக்கிலும் தண்ணீரை வீட்டுக் காபி தம்ளரிலும் அளந்தால் பதம் தவறாமல் என்ன செய்யும்? இரண்டையும் ஒரே பாத்திரத்தால் அளந்தால், அது எந்தப் பாத்திரமாக இருந்தாலும் விகிதம் மாறாது. நால்வருக்கான குறிப்பை முப்பது பேருக்குப் பெருக்கும்போது பருப்பையும் மாவையும் அப்படியே பெருக்கலாம். தண்ணீர், உப்பு, காரம், ஆப்ப சோடா ஆகியவற்றைக் குறைத்துத் தொடங்கி, ருசியும் பதமும் பார்த்துக் கூட்ட வேண்டும். சோடா மிகுந்த பஜ்ஜி எண்ணெயைக் குடிப்பதோடு நாக்கில் கசக்கவும் செய்யும்.

புத்தகம் ‘நன்கு ஊறியதும்’ என்று எழுதிவிட்டுப் போய்விடும். புது உளுந்து விரைவில் ஊறும், பழையது தாமதமாகும். அத்தையின் புத்தகத்தில் அந்தச் சொற்களின் ஓரத்தில் ‘புதுசு, முக்கால் மணி’ என்று பென்சிலில் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தில்தான் எண்ணெய்க் கறையும் அதிகம்.

தொட்டுக்கொள்ளும் தேங்காய்ச் சட்னியைச் சித்திரை வெயிலில் காலையிலேயே அரைத்து வெளியே வைக்கக் கூடாது. மாலை விருந்தென்றால் தேங்காயைத் துருவிக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, விருந்தினர் வாசலுக்கு வந்த பிறகு அரைத்தாலும் நேரமிருக்கும்.