சிக்னல் போனாலும் வலைப்பூ படிக்கலாம்

கூடலூர், பந்தலூர் பக்கம் ஆடி மழை பிடித்தால் கரண்டும் சிக்னலும் மாறி மாறிப் போகும். அங்கே வலைப்பூ படிக்கிறவர்களுக்கு ஆஃப்லைன் வசதியுள்ள ஆர்எஸ்எஸ் ரீடர்தான் தோது; பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் செயலி அது. சிக்னல் எட்டிப் பார்க்கும்போதே புதுப் பதிவுகளை இழுத்து வைத்துக்கொள்ளும்; அப்புறம் நெட் இல்லாமலே படிக்கலாம்.

வலைப்பூவின் முகவரியை ரீடரில் ஒட்டினால் பெரும்பாலும் ஃபீடை (பதிவுகளை ரீடருக்குத் தரும் ஓடையை) அதுவே கண்டுபிடித்துவிடும். பிடிபடவில்லையா? வேர்ட்பிரஸ் மென்பொருளில் நடக்கும் தளம் என்றால் முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு, ‘ஃபீட்’ என்று ஆங்கிலத்தில் சேருங்கள். சிலர் ஃபீடில் முதல் பத்தியை மட்டும் தருவார்கள். மழை நாளில் அது சரியான எரிச்சல்! நீங்களும் எழுதுகிறவர் என்றால், வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ரீடிங் பகுதிக்குப் போய் ‘ஃபுல் டெக்ஸ்ட்’ என்பதைத் தேர்ந்துவிடுங்கள்.

குன்னூர்க்காரர் எழுதியதற்குக் கொடைக்கானலில் இருந்துகொண்டு உங்கள் தளத்திலேயே பதில் எழுதலாம். அவர் பதிவுக்குச் சுட்டி கொடுத்தால் போதும், வெப்மென்ஷன் என்ற வசதி அவர் தளத்துக்குத் தகவல் சொல்லிவிடும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017இல் பரிந்துரைத்த தரம் இது. இரண்டு தளத்திலும் அந்த வசதி இருக்க வேண்டும். வேர்ட்பிரஸுக்கு இதற்கான பிளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) கிடைக்கிறது.

ரீடர் பிடிக்கவில்லையா? நீங்கள் தொடரும் வலைப்பூக்களின் பட்டியலை ஓபிஎம்எல் என்ற வகைக் கோப்பாக எடுத்து வேறொன்றில் ஏற்றிக்கொள்ளுங்கள்.