பழைய ஜிஎம்சி மோட்டார்ஹோமில் புதிதாகக் கட்டிய இன்ஜினை ரன்னிங்-இன் செய்வது எப்படி?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பான்டியாக் நகரில் 1973 முதல் 1978 வரை தயாரான, உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி ஜிஎம்சி மோட்டார்ஹோம். முன்சக்கர இழுவை, உள்ளே ஓல்ட்ஸ்மொபில் வி8 இன்ஜின்: முதலில் 7.5 லிட்டர் (455 கன அங்குலம்), 1977-இல் 6.6 லிட்டர் (403 கன அங்குலம்). ரன்னிங்-இன் என்றால், புது பாகங்கள் ஒன்றோடொன்று பதமாகும்படி இன்ஜினை முதலில் ஓட்டிப் பழக்குவது. இப்படி ஒரு இன்ஜினை ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி), புது கேமும் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் உள்ள தண்டு) லிஃப்டரும் (அந்த மேடுகளின் மேல் ஓடி வால்வைத் தள்ளும் பாகம்) போட்டுக் கட்டி முடித்ததும், "கொஞ்ச நேரம் ஐட்லிங்கில் மெதுவாக ஓடட்டும்" என்றுதான் மனசு சொல்லும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புது கேம் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த அக்கறையால்தான்.

காரணம் இதுதான். இந்த இன்ஜின்களில் லிஃப்டரின் அடிப்பகுதி கேம் மேல் நேராக உரசி ஓடும். அங்கே எண்ணெய் போவது, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) சுழன்று வாரித் தெளிக்கும்போதுதான். ஐட்லிங்கில் அந்தத் தெளிப்பு போதாது. லிஃப்டர் தன் இடத்திலேயே சுழன்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று பதமாகும். சுழலாவிட்டால் சில நிமிடங்களில் கேமின் மேடு தேய்ந்து, இரும்புத்தூள் இன்ஜின் முழுக்கப் பரவிவிடும்.

படி 1: எண்ணெய்
ரன்னிங்-இன்னுக்கென்றே விற்கும் மினரல் ஆயிலை ஊற்றுங்கள். சிங்க் (துத்தநாகம்) அளவு 1,000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) மேல் இருக்க வேண்டும். சிந்தெட்டிக் இப்போது வேண்டாம்.

படி 2: ஸ்டார்ட் செய்யும் முன்பே எண்ணெய் பிரஷர் ஏற்றுங்கள்
முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து குறித்துக்கொண்டு, டிஸ்ட்ரிபியூட்டரை (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்தனுப்பும் பாகம்) கழற்றுங்கள். அது இன்ஜினின் பின்பக்கம் இருப்பதால், வண்டிக்குள் முன்சீட்டுகளுக்கு நடுவே உள்ள மூடியைத் திறந்தால் கைக்கு எட்டும். அந்தத் துளைக்குள் ஆயில் பம்ப்பின் அறுகோணத் தண்டு தெரியும். 5/16 அங்குல சாக்கெட்டை நீளமான எக்ஸ்டென்ஷனில் மாட்டி, கழன்று உள்ளே விழாதபடி டேப் சுற்றி, டிரில்லால் இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். பிரஷர் ஏறியதும் டிரில் திணறுவது கையிலேயே தெரியும். இன்னொருவர் கிராங்கைக் கையால் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பட்டும். இரண்டு பக்கமும் எல்லா ராக்கரிலும் (வால்வை அழுத்தும் கை) எண்ணெய் வந்த பிறகே நிறுத்துங்கள். அரைமணி நேரம் ஆனாலும் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது.

படி 3: முதல் உதையிலேயே பிடிக்க வேண்டும்
ஸ்டார்ட்டரைத் திரும்பத் திரும்பச் சுற்றினால், கட்டும்போது கேமில் தடவிய மசகு பேஸ்ட் வழித்துக்கொண்டு போய்விடும். எனவே குறித்த நிலைக்கே டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தி டைமிங்கைச் சரிபாருங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தைப் பெட்ரோலால் நிரப்பிவையுங்கள். ரேடியேட்டரில் காற்று தங்கக் கூடாது. வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும். உள்ளே மூடி திறந்திருந்தால் புகை நேராக கேபினுக்குள் வரும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

படி 4: இருபது நிமிடம்
பிடித்ததுமே 2,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றிவிடுங்கள். 2,000-க்கும் 2,500-க்கும் இடையே ஏற்றி இறக்கிக்கொண்டே 20 முதல் 30 நிமிடம் ஓடட்டும். நிற்கும் வண்டிக்குக் காற்று போதாது, ரேடியேட்டர் முன் பெரிய மின்விசிறி வையுங்கள். பிரஷர் விழுந்தாலோ, சூடு எகிறினாலோ, கசிவு தெரிந்தாலோ ஐட்லிங்குக்கு இறக்க வேண்டாம், நேராக அணைத்துவிடுங்கள். சரிசெய்த பிறகு மீதி நிமிடங்களைத் தொடரலாம்.

முடிந்ததும் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார்ப்பது என் பழக்கம். சாம்பல் நிறப் பூச்சு கொஞ்சம் இருப்பது இயல்பு. காந்தத்தில் ஒட்டும் செதில்கள் வந்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

படி 5: சாலை
ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) சிலிண்டரில் சரியாகப் பொருந்தி உட்கார லோடு வேண்டும். எரியும் வாயுவின் அழுத்தம்தான் ரிங்கைச் சிலிண்டர் சுவரோடு அழுத்துகிறது. சமதளச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 80 வரை, முக்கால்வாசி ஆக்சிலரேட்டரில் ஏற்றி, காலை எடுத்துத் தானாக வேகம் குறைய விடுங்கள். பத்து முறை. ஆனால் வண்டியே ஏறத்தாழ ஐந்து டன், லோடு மிஞ்சிப்போவதும் எளிது. தண்ணீர் டேங்க்கைக் காலி செய்யுங்கள். பின்னால் எதையும் இழுக்க வேண்டாம், மலைச்சாலையும் க்ரூஸ் கன்ட்ரோலும் வேண்டாம். வேகம் மாறிக்கொண்டே இருக்கட்டும்.

800 கிலோமீட்டரில் மறுபடி ஆயில், ஃபில்டர் மாற்றுங்கள். அதுவரை ஒவ்வொரு 150 கிலோமீட்டருக்கும் டிப்ஸ்டிக்கைப் பார்த்து எழுதி வையுங்கள். தொடக்கத்தில் எண்ணெய் சற்றுக் குறையும். அந்தக் குறைவு அடங்கி, அளவு ஒரே கோட்டில் நின்றால் ரிங் உட்கார்ந்துவிட்டது.