தனி மிதிவண்டிப் பயணம்: சாங்கியில் இறங்குவது முதல் எல்லை கடப்பது வரை

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மலேசியாவின் கிழக்குக் கரையோரமாகத் தனியே மிதிவண்டியில் செல்ல விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழகத்திலிருந்து வரும் நண்பர்களிடம் நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: இறங்கிய அன்றே எல்லையைக் கடக்க முயலாதீர்கள். விமானத்தில் வந்த வண்டியைச் சரிபார்க்கவும், புழுக்கத்துக்கு உடல் பழகவும் ஒரு முழு நாளாவது தேவை. இதற்குச் சிங்கப்பூரைவிட ஏற்ற ஊர் இந்த வட்டாரத்தில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

புறப்படும் முன்

சிங்கப்பூருக்கான மின்னிலக்க வருகை அட்டையை, வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் நிரப்ப வேண்டும். மலேசியாவுக்கும் இதே போன்ற ஓர் அட்டை தனியாக உண்டு. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை. விசா விதி நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், பயணச்சீட்டு எடுக்கும் முன்பே இரு நாடுகளுக்கும் அதைப் பார்த்துவிடுங்கள்.

வண்டியைப் பெட்டியில் அடைக்கும்போது பெடல்களைக் கழற்ற வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். வலப்பக்கப் பெடல் மற்ற திருகுகளைப் போலவே இடஞ்சுழியாகக் கழலும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருப்பதால் அது வலஞ்சுழியாகத்தான் கழலும். இது தெரியாமல் பலம் கொண்ட மட்டும் திருகினால் பெடல் மேலும் இறுகும். இருக்கைக் கம்பியை இறக்குவதற்கு முன், அதன் உயரத்தை ஒட்டுநாடாவால் குறித்து வையுங்கள். ஸ்பேனர், அல்லன் சாவி போன்ற கருவிகள் சரக்குப் பெட்டியிலும், பவர் பேங்க் கைப்பையிலும் வர வேண்டும்.

விமான நிலையத்தில்

குடிநுழைவு முடிந்ததும், வண்டிப் பெட்டி வழக்கமான சுழல்பட்டையில் வராவிட்டால் பெரிய பொருள்களுக்கான தனிப் பகுதியில் பாருங்கள். பிறகு எந்த முனையத்தில் இறங்கியிருந்தாலும் இரண்டாம் முனையத்துக்குச் சென்றுவிடுங்கள். அதன் அருகிலுள்ள ஹப் அண்ட் ஸ்போக் என்னும் இடத்தில் உணவகமும், கட்டணக் குளியலறைகளும் உண்டு. மிதிவண்டிப் பாதையும் அங்கிருந்தே தொடங்குகிறது.

வண்டியின் பாகங்களை மீண்டும் பொருத்தியபின் பின்பக்கத்தில் குனிந்து ஒன்றைக் கவனியுங்கள். கியர் மாற்றியைச் சட்டத்துடன் இணைக்கும் சிறு உலோகத் துண்டு, பெட்டி கீழே விழுந்தால் உள்நோக்கி வளைந்துவிடும். பின்னாலிருந்து பார்க்கும்போது கியர் மாற்றி சக்கரத்துக்கு இணையாகத் தொங்க வேண்டும். சாய்ந்திருந்தால் மிகப் பெரிய பற்சக்கரத்துக்கு மாற்றவே கூடாது. சங்கிலி ஆரக்கம்பிகளுக்குள் சிக்கிவிடும். பிரேக்கும் ஹேண்டில்பாரும் உறுதியாக உள்ளனவா என்று நின்ற இடத்திலேயே அழுத்திப் பார்த்த பிறகே ஏறுங்கள்.

முதல் ஓட்டம்

2020ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 3.5 கிலோமீட்டர் நீளமுள்ள இணைப்புப் பாதை, வாகனச் சாலையில் இறங்காமலேயே உங்களை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சேர்க்கும். வழியில் ஆளுயரத்தை மிஞ்சும் டைனோசர் உருவங்கள் நிற்கின்றன. குழந்தைகள் கூட்டமாக நிற்கும் இடமாதலால் அங்கே மெதுவாகச் செல்லுங்கள். பூங்காவுக்குள் கடலையொட்டிய சமதளப் பாதை நகரை நோக்கிச் செல்கிறது. சுமையேற்றிய வண்டி திருப்பத்தில் எப்படிச் சாய்கிறது, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதை இங்கே பழகிக்கொள்ளலாம். லகூன் உணவங்காடி நிலையம் பாதையோரத்திலேயே இருக்கிறது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் வாய்ப்புக் கிடைக்கும் இடத்திலெல்லாம் புட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

மிதிவண்டிப் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். மிதிவண்டி அனுமதிக்கப்படும் நடைபாதையில் 10. சாலையில் செல்வோருக்குத் தலைக்கவசம் கட்டாயம். இருட்டியபின் முன்பக்கம் வெள்ளை விளக்கும் பின்பக்கம் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். விரைவுச்சாலைகளிலும் சுரங்கச் சாலைகளிலும் மிதிவண்டிக்கு அனுமதியே இல்லை. கைபேசி வரைபடத்தில் மிதிவண்டி வழியைத் தேர்ந்தெடுக்க மறந்தால் அது நேராக விரைவுச்சாலைக்கே அழைத்துச் செல்லும். இதில் மிகுந்த கவனம் வேண்டும்.

பூங்காவில் அனுமதிச் சீட்டின்றிக் கூடாரம் அடிக்க முடியாது. ஆகவே முதல் இரவுக்குத் தங்கும் விடுதியையே நம்புங்கள். லிட்டில் இந்தியாவில் தங்கினால் தேக்கா நிலைய உணவங்காடியில் தோசை கிடைக்கும். களைத்து வந்த வயிற்றுக்குப் பழகிய உணவு எவ்வளவு ஆறுதல் என்பது தனியாகப் பயணம் செய்கிறவர்களுக்கே தெரியும்.

எல்லையைக் கடத்தல்

சிங்கப்பூரையும் மலேசியாவையும் துவாஸ் பாலம், உட்லண்ட்ஸ் கடற்பாலம் ஆகிய இரண்டும் இணைக்கின்றன. துவாஸ் பாலத்தின் இரு முனைகளிலும் விரைவுச்சாலைகள் இருப்பதால் அந்த வழியை மறந்துவிடுங்கள். உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் மிதிவண்டிகள் மோட்டார்சைக்கிள் தடத்தில்தான் செல்ல வேண்டும். மாலையில் வேலை முடிந்து எல்லைக்கு அப்பாலுள்ள மலேசிய மாநிலமான ஜொகூருக்குத் திரும்புவோரின் புகையும் நெரிசலும் அங்கே புதியவர்களை மிரட்டிவிடும். அவ்வழியேதான் செல்வதென்றால், பெருங்கூட்டம் எதிர்த்திசையில் வரும் வேலைநாள் காலையில் செல்லுங்கள்.

கிழக்குக் கரைக்குச் செல்கிறவருக்கு நான் பரிந்துரைப்பது சாங்கி பாயிண்ட் படகுத்துறையைத்தான். அங்கிருந்து மலேசியக் கரையிலுள்ள பெங்கேராங் செல்லும் சிறு படகு மிதிவண்டியையும் ஏற்றிக்கொள்ளும். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும் என்பதால் காலையிலேயே சென்று காத்திருங்கள். அவசரமென்றால் மீதி இருக்கைகளுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கலாம். கட்டணத்துக்குச் சில்லறை நோட்டுகளைத் தயாராக வைத்திருங்கள். சுமைப் பைகளை முதலிலேயே கழற்றிவிடுங்கள். படிகளில் வண்டியைத் தூக்கி இறக்க அதுவே எளிது. அக்கரையில் மலேசியக் குடிநுழைவு முடிந்ததும் சாலை டெசாரு என்னும் கடற்கரை ஊரை நோக்கிச் செல்கிறது. அங்கும் வாகனங்கள் இடப்பக்கமே ஓடுகின்றன. இடையில் கடைகள் தூரம் தூரமாகவே வருவதால், மலேசியப் பணமான ரிங்கிட்டைச் சிங்கப்பூரிலேயே மாற்றிக்கொண்டு, இரண்டு புட்டித் தண்ணீருடன் கிளம்புங்கள்.