மலைப்பாதை வண்டிக்கு லாரி சேஸில் பாடி கட்டும்போது

திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறு செக்போஸ்ட்டைத் தாண்டி மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று ஏறும் பாதையில் ஆள் ஏற்ற லாரி சேஸ், அதாவது லாரியின் அடிச்சட்டம், நன்றாகவே தாங்கும். ஆள் உட்காரும் கூடான பாடியை அதன்மேல் எப்படிப் பிடிக்கிறோம் என்பதில்தான் வண்டியின் ஆயுசு. ஒரு முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி, எதிர்ப்பக்கப் பின்சக்கரம் கல்லில் ஏறினால் சேஸ் முறுகும். முறுகத்தான் வேண்டும். பாடி அதை இறுக்கிப் பிடித்தால் கண்ணாடி கீறும், கதவு சிக்கும், கடைசியில் சேஸே வெடிப்பு விடும்.

பழைய லாரியை ஆள் ஏற்றும் வண்டியாக மாற்றுவதாக இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. அனுமதி. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது.

சேஸின் இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் இரும்புச் சட்டமான லாங் மெம்பரின் மேல், கீழ் விளிம்புகளில் துளையோ வெல்டிங்கோ கூடவே கூடாது. பாரத்தின் இழுப்பும் அழுத்தமும் அங்கேதான் அதிகம். சட்டத்தைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் யூ போல்ட் போட்டுப் பிடியுங்கள். நட்டை முறுக்கும்போது விளிம்பு மடங்காமலிருக்க லாங் மெம்பரின் குழிக்குள் தாங்கல் கட்டை வையுங்கள். சைலன்சர் பக்கம் மட்டும் மரம் வேண்டாம், இரும்பு. பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் ரப்பர் பேக்கிங். முன்பக்கப் பிடிப்பு இரண்டிலும் ஸ்பிரிங் சேர்த்தால் முறுக்குக்கு இடம் கிடைக்கும். பாடியில் வெல்டிங் வைக்குமுன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

கட்டி முடித்ததும் ஒரு முன்சக்கரத்தை 20 செ.மீ. கட்டைமேல் ஏற்றி நிறுத்துங்கள். கதவு லேசாகத் திறந்து மூடினால் சரி. சிக்கினால் பிடிப்பு எங்கோ விறைப்பு.

20 பேர் ஏறினாலும் ஆளுக்கு 60 கிலோ வைத்து 1,200 கிலோதான். பல டன் தாங்கும் லாரி ஸ்பிரிங்குக்கு அது போதாது, அதனால் தூக்கிப் போடும். அதற்காக ஸ்பிரிங் பிளேட்டை உருவாதீர்கள். முழுப் பாரத்தில் மெயின் பிளேட் உடையும். பஸ் சேஸுக்குக் கம்பெனி தரும் ஸ்பிரிங் செட்டை மாட்டுங்கள். 500 கி.மீ. ஓடியதும் ஸ்பிரிங் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள். தளர்ந்தால் பிளேட்டுகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் (சக்கர அச்சு) நகரும், வண்டி கோணலாக ஓடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை அடிப்பக்கச் சேற்றைக் கழுவிவிட்டுப் பாருங்கள். போல்ட்டுக்குக் கீழே செந்துரு கோடாக வழிந்திருந்தால் அந்தப் போல்ட் உள்ளே அசைகிறது. பிரேக்குக்குக் காற்று தரும் ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்து விடுங்கள்.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக் லைனர் கருகும் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் டிரம் வெடிப்பு விடும்.