ஊர் மாறும் குயில்டருக்கு: முதலில் பாதி வேலையைக் கட்டுங்கள்

வேலை மாற்றம் என்று ஊர் ஊராகப் பெட்டி கட்டும் குடும்பம் எங்களுடையது. பாத்திரம், புத்தகம், மேசை நாற்காலியெல்லாம் வண்டிக்காரர்கள் பொறுப்பு. என் தையல் அலமாரியை மட்டும் யாரையும் தொட விடமாட்டேன். குயில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்து மூன்றடுக்காகத் தைக்கும் போர்வை, தைப்பவர்கள் வீடு மாறும்போது பெரும்பாலும் 'இவ்வளவு துணியை எப்படிக் கொண்டுபோவது' என்றுதான் கவலைப்படுகிறார்கள். துணி எப்படியும் வந்து சேர்ந்துவிடும். வழியில் கெட்டுப்போவதும், போன இடத்தில் மூலையில் கிடப்பதும் பாதியில் நிற்கும் வேலைகள்தான். அதனால் என் கணக்கில் பெட்டி கட்டுவது அங்கிருந்துதான் தொடங்கும்.

தைத்து முடிக்காத எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்புங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பை. வெட்டிய துண்டுகள், மீதித் துணி, நூல், பேட்டர்ன் எல்லாம் அதற்குள் போகட்டும். நிறம் பார்த்துத் துணியை அடுக்கும் அழகெல்லாம் புது வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பைக்குள் ஒரு தாளும் வேண்டும்: எந்த ஊசி, எந்த ஸ்கேல், தையலுக்கு விடும் விளிம்பு எவ்வளவு, எத்தனை பிளாக் (துண்டுகளை இணைத்த கட்டம்) முடிந்தது, அடுத்து என்ன செய்ய வேண்டும். இன்றைக்கு எல்லாம் நினைவில் இருக்கும். பல வாரம் கழித்துப் பையைத் திறக்கும்போது, கைநிறைய முக்கோணங்களை எதற்காக வெட்டினோம் என்று அந்தத் தாள்தான் சொல்லும். ஸ்கேலைக் குறிப்பதற்கும் காரணம் இருக்கிறது. கோட்டின் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஒரு நூலிழை வித்தியாசம்கூட ஒரு வரிசை முழுக்கச் சேர்ந்தால் முனைகள் பொருந்தாது.

அடுத்து, பின்னணித் துணி போதுமா என்று அளந்து பாருங்கள். அதே பெயர், அதே எண் என்றாலும் வேறு தடவை சாயமேற்றிய துணியில் நிறம் லேசாக மாறியிருக்கும். பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரியும். பழைய கடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே அரை மீட்டர் கூடுதலாக வாங்கிவிடுங்கள். கிளம்பும் நேரத்திலும் துணி வாங்குகிறாளே என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும்.

துணியில் குறித்து வைத்த பேனாக் கோடுகளை இந்தச் சமயத்தில் கவனிக்காமல் விடக் கூடாது. தண்ணீரில் கரையும் நீலப் பேனாவின் கோடு சூடு பட்டால் துணியிலேயே நிலைத்துவிடும் ஆபத்து உண்டு. இஸ்திரிச் சூட்டில் மறையும் பேனாவோ, சுமார் 60 டிகிரி செல்சியஸில் மறைந்து, கடுங்குளிரில் திரும்பத் தெரிய ஆரம்பிக்கும். வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் எவ்வளவு சூடு ஏறும் என்று யோசித்துப் பாருங்கள். நீலக் கோடு இருந்தால் குளிர்ந்த தண்ணீரில் அலசி எடுத்துவிட்டு, போன இடத்தில் மறுபடி வரைந்துகொள்வது நல்லது. அதற்கு மனம் வராவிட்டால் அந்த ஒரு வேலையை உங்கள் கைப்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேல் துணி, பேட்டிங் (நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கு), அடித்துணி மூன்றையும் ஊக்கு குத்திச் சேர்த்து வைத்திருக்கிறீர்களா? ஊக்குகளைக் கழற்றிவிட்டு நூலால் நீள ஓட்டுத் தையல் போட்டுவிடுங்கள். ஈரக்காற்றில் ஊக்கு துருப்பிடித்தால் அந்தக் கறையை எடுப்பது பெரும்பாடு. பசை ஸ்ப்ரே அடித்துச் சேர்த்ததற்கும் இதே ஓட்டுத் தையல் போடலாம். நாளாக ஆக அந்தப் பசையின் பிடி தளரும்.

சரி, துணிக்கு வருவோம். 44 அங்குல அகலமுள்ள குயில்டிங் பருத்தித் துணி மீட்டருக்கு 150 கிராம் வாக்கில் இருக்கும். நூறு மீட்டர் 15 கிலோ ஆகிவிடும். அதனால் சின்னப் பெட்டிகள்தான் சரி. நன்றாகக் காய்ந்த துணியை மட்டும் வையுங்கள். கஞ்சி போட்டதை அலசாமல் வைத்தால் வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. காற்றை உறிஞ்சி அமுக்கும் பைகளில் துணியைக் கொஞ்ச நாள் வைக்கலாம், பேட்டிங்கை வைக்காதீர்கள். அதன் உப்பலே போய்விடும்.

துணி வெட்ட அடியில் விரிக்கும் கட்டிங் மேட்டைச் சுருட்டவே கூடாது. சூட்டில் ஒருமுறை வளைந்தால் வளைந்ததுதான். இரண்டு தட்டைப் பலகைகளுக்கு நடுவில் மேட்டையும் நீள ஸ்கேல்களையும் வைத்துக் கட்டி, பலகையின் மேல் 'வெயிலில் வைக்காதீர்கள்' என்று பெரிதாக எழுதுங்கள். விமானத்தில் போவதானால் ரோட்டரி கட்டரும் (உருளும் வட்டக் கத்தி) பெரிய கத்தரிக்கோலும் கைப்பையில் வேண்டாம். ஆவி இஸ்திரிப் பெட்டியின் தண்ணீரைக் கொட்டிக் காயவிடுங்கள்.

மெஷினில் ஊசி, பாபின், நூல்கண்டு மூன்றையும் எடுத்துவிடுங்கள். அடியில் சேர்ந்த பஞ்சைத் துடைத்துவிட்டு, மடித்த துணி ஒன்றை வைத்து துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டை அதன் மேல் இறக்குங்கள். கால் பெடலும் ஒயரும் அதே பெட்டியில் இருக்கட்டும். அவை வேறு பெட்டிக்குப் போனால் கடைசிப் பெட்டியில்தான் அகப்படும். மெஷினைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே வையுங்கள். முடிந்தால் உங்களோடே வரட்டும். குளிரில் வந்த மெஷினை உடனே மின்சாரத்தில் போடாமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை சில மணி நேரம் விட்டுவிடுங்கள். உள்ளே ஈரம் படிந்திருக்கலாம்.

பெட்டிகள் வந்து பிரியும்வரை கை சும்மா இருக்காது. காகிதத்தின் மேல் துணியை மடித்துத் தைக்கும் அறுகோணங்கள் இந்த நாட்களுக்கென்றே இருக்கின்றன. ஊசி, நூல், சின்னக் கத்தரி, கொஞ்சம் துண்டுத் துணி, எல்லாம் ஒரு டப்பாவில் அடங்கும்.

புது வீட்டில் மெஷினுக்கு இடம் பார்க்கும்போது எல்லோரும் வெளிச்சத்தைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் தரையைப் பார்ப்பேன். மாடி வீடானால் மெஷின் அதிர்வு கீழ்வீட்டுக்குக் கேட்கும். மேசைக்கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வையுங்கள், இரவில் தைக்கும் பழக்கம் இருந்தால் கீழ்வீட்டில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மேசை ஜன்னலோரம் இருக்கலாம். துணி அலமாரி அங்கே வேண்டாம், நேர் வெயிலில் மடிப்பு விளிம்புகள்தான் முதலில் வெளுக்கும். பிளாக்குகளை அடுக்கிப் பார்க்க வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க முடியாவிட்டால், பஞ்சுபோன்ற ஃபிளானல் துணியை லேசான பலகையில் சுற்றிச் சாய்த்து வையுங்கள். பிளாக்குகள் ஊக்கில்லாமலே ஒட்டி நிற்கும்.

பழைய வேலையைத் தொடுவதற்கு முன்னால் மெஷினைச் சோதித்தே ஆக வேண்டும். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, கால் அங்குல விளிம்பு விட்டு மூன்றையும் பக்கவாட்டில் தைத்து இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் விளிம்பு அதிகமாகப் போகிறது, கூடினால் குறைவாகப் போகிறது. அப்புறம் மூன்றடுக்குத் துண்டு ஒன்றில் ஓட்டிப் பார்த்து மேல்நூல், அடிநூல் டென்ஷனை (இழுவிசையை) சரிசெய்யுங்கள். தண்ணீரும் ஊருக்கு ஊர் வேறு. அடர்சிவப்புத் துண்டு ஒன்றை வெள்ளைத் துண்டோடு ஊறவைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கூடத் தைக்கும் ஆட்களைத் தேட நான் முதலில் போவது மெஷின் பழுதுபார்ப்பவரிடம். ஊரில் யார் யார் தைக்கிறார்கள், எந்தக் கடையில் நல்ல பருத்தி கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். குயில்டர் குழு இருந்தால் விருந்தாளியாக ஓரிரு கூட்டத்துக்குப் போய்ப் பார்த்த பிறகு சேருங்கள். கையில் ஏதாவது தைக்க எடுத்துப் போனால் என்ன பேசுவது என்ற திணறல் இருக்காது. மருத்துவமனைக்கோ காப்பகத்துக்கோ சேர்ந்து தைப்பார்களானால் அதில் நுழைந்துவிடுங்கள். விளிம்புப் பட்டி தைக்க எப்போதும் ஆள் தேவைப்படும்.

தைத்து முடித்த மேல் துணியைக் மூன்றடுக்காகச் சேர்த்துக் கூலிக்குக் குயில்ட் செய்ய லாங்ஆர்ம் (நீளக் கையுள்ள பெரிய குயில்ட் மெஷின்) மெஷின்காரரிடம் கொடுப்பவரானால், புதியவரிடம் முதலில் ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள். பேட்டிங்கும் அடித்துணியும் நாலு பக்கமும் எத்தனை அங்குலம் கூடுதலாக வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பலர் 4 அங்குலம் கேட்பார்கள், சிலர் அதற்கும் மேல் கேட்பார்கள். அதைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு அடித்துணியை வெட்டுங்கள்.