“இன்னிக்கு மட்டும் மாத்திரை வேணாம்”: மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். மனநல மருத்துவரின் சீட்டோடு வருகிறவர்கள் பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்பார்கள்: “அக்கா, இன்னிக்கு ஒரு விசேஷம். ராத்திரி மாத்திரையை விட்டுட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?” குடிப்பது என்று முடிவாகிவிட்டது, மாத்திரையைத்தான் தள்ளி வைக்கப் பார்க்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு வேளை விடுவதால் மருந்து உடம்பை விட்டுப் போய்விடாது. பதற்றத்துக்குக் கொடுக்கும் டையஸிபாம் நாள்கணக்கில் இரத்தத்தில் இருக்கும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளூஆக்ஸெடின் வாரக்கணக்கில் இருக்கும். நேற்று போட்டது இன்றைய குடியோடு சேரத்தான் செய்யும். வெண்லாஃபாக்ஸின் போன்றவை சீக்கிரம் வெளியேறும், ஆனால் ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தலைசுற்றலும் படபடப்பும் வந்துவிடும். சனிக்கிழமைதோறும் விட்டால் அடங்கியிருந்த நோய் திரும்பும். வலிப்புக்கும் சேர்த்து வால்புரோயேட் சாப்பிடுகிறவர் அதை விட்டுவிட்டுக் குடித்தால் வலிப்பே வரலாம்.

“எட்டு மணிக்குக் குடிச்சேன், பத்து மணிக்குத்தானே மாத்திரை” என்பார்கள். இந்தக் கணக்கும் சரிவராது. 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால், எடையில் சுமார் 60 கிராம். உடம்பு மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும். எட்டு மணிக்குக் குடித்த குவார்ட்டர் விடியற்காலை வரை உள்ளேயே இருக்கிறது. 650 மில்லி ஸ்ட்ராங் பீர் என்றால் 40 கிராம் வரை. பீர்தானே என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஆல்பேட்டை தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் போனால் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் அனுமதியோடு நடக்கின்றன. கள் உடம்புக்குக் குளிர்ச்சி என்பார்கள். அதிலும் ஆல்கஹால்தான் இருக்கிறது.

உங்கள் சீட்டில் என்ன மாத்திரை என்று பாருங்கள். குளோனாஸிபாம், லோராஸிபாம், அல்பிரஸோலாம், டையஸிபாம் இருந்தால் குடி அறவே கூடாது. இவையும் மதுவும் மூளையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டும் சேரும்போது மூச்சு மெதுவாகும், தூக்கத்திலேயே நின்றும் போகும். ஓலான்ஸபின், குவெட்டியாபின், அமிட்ரிப்டிலின் எடுப்பவர்களுக்குத் தூக்கம் அமுக்கும், எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் இறங்கி விழுவார்கள். இந்த மயக்கத்தோடு வண்டி ஓட்டக்கூடாது. வால்புரோயேட்டும் குடியும் சேர்ந்தால் கல்லீரலுக்கு இரட்டைச் சுமை. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளோடு குடித்தால் மயக்கம் கூடும், வயிற்றில் இரத்தக் கசிவுக்கும் வாய்ப்பு உண்டு. அதைவிட, குடி மனதை இன்னும் கீழே இழுக்கும். மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது குடியைப் பற்றித்தான்.

மனநிலை அளவுமீறி ஏறி இறங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் லித்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அது இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் பலருக்கு மருந்து. 1.5 தாண்டினால் பெரும்பாலும் விஷம். குடித்தால் சிறுநீர் அதிகம் போகும், வாந்தி வரும், கத்திரி வெயில் வேறு. உடம்பில் நீர் வற்ற வற்ற லித்தியம் அளவு ஏறும். ஏறினால் என்ன தெரியும்? கை நடுங்கும், நடை தள்ளாடும், நாக்கு குழறும், வயிற்றுப்போக்கு போகும். பார்க்கிறவருக்குக் குடிபோதை போலவே இருக்கும். “போட்டிருக்கான், படுத்தா தெளிஞ்சிடும்” என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். லித்தியம் சாப்பிடுகிறவர் மறுநாளும் தெளியாமல் தள்ளாடினால் உடனே மருத்துவமனைக்குப் போய், லித்தியம் சாப்பிடுகிறார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் அளவைச் சொல்லுங்கள். “எப்பயாவது” என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. “வாரம் ரெண்டு நாள், நாளைக்கு ஒரு குவார்ட்டர்” என்றால் அதற்கேற்ற மருந்தை அவர் எழுதுவார். குடித்துவிட்ட இரவில் எந்த மாத்திரையைப் போட வேண்டும், எதை விட வேண்டும் என்று அப்போதே கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விட்டுப்போனதை மறுநாள் இரட்டையாகப் போடக்கூடாது. அரிஷ்டம் குடித்தாலும் சொல்லுங்கள், அதிலும் ஆல்கஹால் உண்டு. சில இருமல் சிரப்களிலும் உண்டு.

தினமும் குடிக்கிறவர் இதைப் படித்துவிட்டு நாளைக்கே தானாக நிறுத்திவிடவும் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதற்கடுத்து நினைவு தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ காட்டிவிட்டு நிறுத்துங்கள்.

வீட்டுப் பெண்களுக்கு ஒன்று. “அவருக்குத் தெரியாம சோத்துல கலந்து குடுக்க ஒரு மாத்திரை குடும்மா” என்று கேட்டு வருகிறார்கள். அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும், ஆனாலும் கொடுக்க மாட்டேன். அவர்கள் கேட்பது டைசல்ஃபிராம், குடியை நிறுத்துவதற்காகக் கொடுக்கும் மாத்திரை. அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்துவிடும். நிறுத்தி இரண்டு வாரம் ஆகும்வரை அந்த ஆபத்து இருக்கும். தான் என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாதவர் எப்படிக் குடிக்காமல் இருப்பார்? அவரை உட்காரவைத்துப் பேசி, மருத்துவரிடம் கூட்டிப்போவதுதான் வழி.

மாத்திரையும் குடியும் சேர்ந்துவிட்டவர் தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் 108க்கு அடியுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, காபி எதையும் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். மல்லாக்கப் போடாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்திலேயே இருங்கள். காலி மாத்திரை அட்டைகளை ஆம்புலன்ஸில் கூடவே அனுப்புங்கள்.

அவசரமில்லை, யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.