முட்டு வாங்காமல் பொலிகிடா வளர்ப்பது எப்படி?

20, 30 பெட்டை ஆடுகளும், அவற்றோடு சேர்க்க ஒன்றிரண்டு பொலிகிடாவும் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாலக்கோடு பக்கம் எங்கள் பட்டியில் இருப்பது மேச்சேரி இனச் செம்மறி. கொட்டகை போடுவது, பசுந்தீவனம் வளர்ப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராகக் கிடாவுக்கு வருகிறேன்.

மேச்சேரிக் கிடாவுக்குப் பெரும்பாலும் கொம்பு இருக்காது, இருந்தாலும் சின்ன முளைதான். அதனாலேயே பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். 35 கிலோ உடம்பு பத்தடி பின்வாங்கி ஓடி வந்து நெற்றியால் மோதினால் முழங்கால் நிற்காது, வயசானவர்கள் என்றால் இடுப்பெலும்பே போய்விடும். கொம்பு இருக்கிறதா இல்லையா என்பதைவிட, கிடா உங்களைப் பார்த்து விலகுகிறதா, எதிர்த்து நிற்கிறதா என்பதுதான் முக்கியம்.

வாங்கும்போது

குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் நல்ல கிடா கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் பொலிகிடாவைப் பட்டிக்கே போய் வாங்குவதுதான் எனக்குப் பிடிக்கும். தாயைப் பார்க்கலாம், கூடப் பிறந்த குட்டிகளைப் பார்க்கலாம், ஆள் உள்ளே போனால் அது என்ன செய்கிறது என்றும் பார்க்கலாம். இரண்டு பல் போட்டதாக, அதாவது முன்னால் இரண்டு பால்பல் விழுந்து நிலைப்பல் முளைத்ததாகப் பாருங்கள், ஏறக்குறைய ஒன்றரை வயது இருக்கும். விதைப்பையைக் கையால் தடவிப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள்: இரண்டும் ஒரே அளவாக, கெட்டியாக, கட்டி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். புட்டிப்பால் குடித்து வீட்டுக்குள் செல்லமாக வளர்ந்த கிடா வேண்டாம். அதற்கு மனுஷன் மேல் பயம் இருக்காது, பருவம் வந்ததும் உங்களையும் இன்னொரு கிடாவாகத்தான் பார்க்கும்.

எங்கே வாங்கினாலும் மூன்று வாரமாவது மற்ற ஆடுகளோடு சேர்க்காமல் தனியாகக் கட்டுங்கள். வேகமாகப் பரவும் ஆட்டுக்கொல்லி நோய் வந்தால் பட்டியே காலி.

தனிப்பட்டி

கிடாவுக்கென்று தனி அடைப்பு கட்டாயம் வேண்டும். நாலடி உயரம் போதும். கம்பி வலையை நான் சொல்லமாட்டேன், இரண்டு மாசம் முட்டினால் தொந்தி விழுந்துவிடும், அந்த இடுக்கில் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். சவுக்குக் கட்டைகளைக் குறுக்கே நெருக்கமாகக் கட்டுவது செலவும் குறைவு, பலமும் அதிகம். தீவனத் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் வெளியே நின்றபடியே நிரப்பும் மாதிரி வேலி ஓரத்தில் இருக்கட்டும். உள்ளே நடுவில் ஒரு படல் (குச்சித் தட்டி) போட்டு இரண்டாகப் பிரித்துக்கொண்டால், கிடாவை ஒரு பக்கம் தள்ளி அடைத்துவிட்டு மறுபக்கம் புழுக்கை கூட்டலாம். ஆளும் கிடாவும் ஒரே இடத்தில் நிற்கவேண்டிய வேளையைக் குறைப்பதுதான் இத்தனைக்கும் காரணம்.

ஒற்றைக் கிடாவைத் தன்னந்தனியாக அடைத்தால் கத்தும், வேலியை இடிக்கும். காயடித்த கிடா ஒன்றைத் துணைக்கு விடுங்கள், அடங்கிவிடும்.

பழகும் விதம்

நெற்றியைத் தொடவே கூடாது. குட்டியாக இருக்கும்போது பிள்ளைகள் உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தள்ளி விளையாடுவார்கள், அதுவும் தள்ளும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். "தலையத் தள்ளாதடா, அதுகிட்ட நீயே சண்டைக்குக் கூப்பிடுற" என்று எங்கள் பெரியப்பா பேரனை அதட்டுவார். அது நூற்றுக்கு நூறு உண்மை. தாடைக்கு அடியில், நெஞ்சுப் பக்கம் சொறிந்து கொடுங்கள்.

முட்டப் போகிற கிடா சும்மா வராது. தலை தாழும், கழுத்து விறைக்கும், முன்னங்காலால் தரையைக் கீறும், கண்ணை எடுக்காமல் இரண்டடி பின்னால் போகும். பின்னால் போவதைப் பார்த்துப் பயந்து ஒதுங்குகிறது என்று நினைத்துவிடாதீர்கள், அது ஓட்டத்துக்கு இடம் எடுக்கிறது. அந்த நேரத்தில் முதுகைக் காட்டி ஓடாதீர்கள். கடைசி நொடியில் பக்கவாட்டில் விலகுங்கள், நெருங்கியதும் தாடைக்குக் கீழே கை கொடுத்து மூக்கை மேலே தூக்குங்கள். தலை நிமிர்ந்திருக்கும்வரை அதனால் முட்ட முடியாது. குச்சியால் நெற்றியில் அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், அடி விழ விழ அதற்கு வீம்பு ஏறும்.

இரண்டு கிடாக்களைச் சேர்ப்பது

எங்களை அதிகம் திணறடித்த இடம் இதுதான். ஒன்றாகவே வளர்ந்த கிடாக்களைக்கூட ஒரு மாதம் பிரித்து வைத்துவிட்டுத் திரும்ப ஒரே இடத்தில் விட்டால் முன்பின் தெரியாத மாதிரி மோதிக்கொள்ளும். விசாலமான இடமாக இருந்தால் இன்னும் மோசம், இருபதடி பின்வாங்கி ஓடி வரும், மோதலில் கழுத்து முறிந்து அங்கேயே செத்துப்போகவும் கூடும். நடுவில் புகுந்து பிரிக்கப் போனவர்கள்தான் கால் உடைந்து வந்திருக்கிறார்கள்.

வழி இடத்தைக் குறைப்பது. கிடாக்கள் நிற்கவும் படுக்கவும் முடியும், பின்வாங்கி ஓட முடியாது என்ற அளவுக்கு நெருக்கமாகப் படல் கட்டுங்கள். இரண்டு கிடாவுக்கு ஐந்தடிக்கு ஐந்தடி சரியாக வரும். சாயங்காலம் வெயில் இறங்கியதும் உள்ளே விடுங்கள். தள்ளும், உரசும், ஒன்றின் மேல் ஒன்று தலையைப் போடும், போடட்டும். நெருக்கத்தில் வீச்சு இருக்காது. ஒன்றின் வாசனை இன்னொன்றின் மேல் ஏறும். நிழலும் தண்ணீரும் தவறக் கூடாது. இரண்டு நாள் கழித்து இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து அசைபோடுவதைப் பார்த்த பிறகு பெரிய அடைப்புக்கு மாற்றுங்கள். மாற்றும்போது நடுவில் பழைய டயர் நாலைந்து போட்டுவைத்தால் நேராக ஓடி வர வழி இருக்காது. கட்டாந்தரையில் தண்ணீர் தெளித்து வழுக்கவிட்டால் ஓடாது என்று சிலர் செய்கிறார்கள், கால் சறுக்கிப் பிசகும், வேண்டாம்.

பெட்டைகளோடு விடும்போது

ஒரு கிடாவுக்கு 25 முதல் 30 பெட்டை. விந்து முதிர ஏறக்குறைய 7 வாரம் ஆகும் என்பதால், கிடாவின் தீவனம், குளம்பு சீவுதல், குடற்புழு நீக்கம் எல்லாவற்றையும் இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். சினைக்காலம் சுமார் 150 நாள். ஆனி கடைசியில் விட்டால் மார்கழி தொடக்கத்தில் குட்டி விழும், மழைக்குப் பிறகு புல் இருக்கும் காலம்.

எது சேர்ந்தது என்று தெரிய, கிடாவின் நெஞ்சில் எண்ணெயில் குழைத்த சாயம் பூசுவோம். பல இடங்களில் காவி பூசுவார்கள், மேச்சேரியின் செந்நிற முதுகில் காவி தெரியாது, துணிக்குப் போடும் நீலம்தான் நன்றாகத் தெரிகிறது. பெட்டைக்கு 17 நாளுக்கு ஒருமுறை பருவம் திரும்பும். அதனால் 17ஆம் நாள் நிறத்தை மாற்றுங்கள். புது நிறம் விழுந்தால் அந்தப் பெட்டை சினைபிடிக்காமல் திரும்பவும் பருவத்துக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்றிரண்டு பெட்டையில் விழுந்தால் பரவாயில்லை, பெரும்பாலானவற்றில் விழுந்தால் கோளாறு கிடாவிடம்தான் இருக்க வாய்ப்பு அதிகம், மருத்துவரிடம் காட்டுங்கள். இப்படி மூன்று 17 நாள் சுற்று முடிந்ததும் கிடாவைத் தனிப்பட்டிக்குத் திருப்பிவிடுங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த சிலர் கேட்ட இரண்டு விஷயம். காவேரிப்பட்டணம் பக்கத்து நண்பர் ஒருவரின் கிடா முதுகை வளைத்து முக்குகிறது, சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருகிறது என்றார். தவிடும் தானியமும் அதிகம் கொடுத்து, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் கிடாக்களுக்குச் சிறுநீரில் கல் அடைக்கும். இது அவசரம், கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் கால்நடை அவசர உதவி எண் 1962க்கு அழையுங்கள். வராமல் தடுக்க, தவிட்டைக் குறைத்துச் சோளத்தட்டு, வேலிமசால் மாதிரி தீவனம் கொடுங்கள், தாது உப்புக் கட்டி தொங்கவிடுங்கள், தொட்டித் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

இன்னொன்று, கிடாவை எத்தனை வருஷம் வைத்திருக்கலாம் என்பது. இரண்டு வருஷம். அதற்குள் அதன் பெண்குட்டிகளே பருவத்துக்கு வந்துவிடும். விற்க மனமில்லை என்றால் பென்னாகரம், அரூர் என்று வேறு ஊரில் ஆடு வைத்திருக்கும் சொந்தக்காரரோடு கிடாவுக்குக் கிடா மாற்றிக்கொள்ளுங்கள், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். வந்த கிடாவுக்கும் அந்த மூன்று வாரத் தனிக்கட்டு உண்டு. கிடாக்குட்டிகளை 4 மாதத்திலேயே பிரித்துவிடுங்கள், 6 மாதத்தில் அவை தங்கையையும் தாயையும்கூடச் சினையாக்கிவிடும்.